ஒன்பது மணிக்கு ஒரு கூழைக்கடா

எங்கள் வீட்டில் யாராவது ‘ஒன்பது மணி!’ என்று சொன்னால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம். இடது பக்கம் திரும்புவோம்.

அப்பா சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. நாம் பார்த்துக்கொண்டு நிற்கும் திசை பன்னிரண்டு மணி. வலது கைப் பக்கம் மூன்று, இடது கைப் பக்கம் ஒன்பது, முதுகுக்குப் பின்னால் ஆறு. பறவையை முதலில் பார்ப்பவர் விரலை நீட்டக் கூடாது, நீட்டினால் பறந்துவிடும். மணியை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் திரும்பிப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு பாயின்ட். அவர் கண்டுபிடிப்பதற்குள் பறவை போய்விட்டால் மணி சொன்னவருக்குப் பாயின்ட். சின்ன வயதில் நான் அப்பாவிடம் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர். கூட்ஸ் வண்டியை யாரும் மதிப்பதில்லை என்பார். பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் போதும், ஏதாவது ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். சில நாள் அரை மணி நேரம், சில நாள் அரை நாள். கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன செய்வார்? அப்பா பறவை பார்த்தார். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டி வண்டி நின்றுவிட்டால் அவருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததே, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அங்கே பேரம் பேசி வாங்கிய பழைய பைனாகுலர் இன்னும் அவரிடம் இருக்கிறது. தோல் உறை மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது.

கார்டு வேலைக்குக் கண்தான் மூலதனம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கண் டெஸ்ட் உண்டு. சர்வீஸ் முடியும் வரை ஒரு தடவைகூட அவர் அதில் தோற்கவில்லை. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை இந்த 71 வயதிலும் படித்துக் காட்டிவிட்டு, “ரயில்வே கண்ணு பாப்பா” என்பார்.

இப்போது அப்பாவும் அம்மாவும் தாம்பரத்தில் எங்களோடுதான் இருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளைத் தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் அழைத்து வருவது அப்பாவின் டியூட்டி. ‘டியூட்டி’ என்றுதான் அவரும் சொல்வார். 7.40-க்குக் கிளம்ப வேண்டும் என்றால் 7.30-க்கு ஹெல்மெட்டோடு வாசலில் நிற்பார். ஸ்கூல் வேன் பணம் மிச்சம், எனக்கும் நிம்மதி. அவர் வண்டி ஓட்டும் வேகத்துக்குச் சைக்கிள்காரரே முந்திப் போய்விடுவார். வேறென்ன பயம்?

போன ஜனவரியில், காணும் பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேருமாக வேடந்தாங்கல் போனோம். கணவருக்கு ஆபீஸ் வேலை. அம்மாவுக்கு மூட்டு வலி. “நடக்கிற இடத்துக்கெல்லாம் நான் வரல. உங்கப்பாவை மட்டும் பார்த்து நடக்கச் சொல்லு, இப்பல்லாம் எங்க போனாலும் இடிச்சுக்கிறார்” என்று வழியனுப்பினாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா ஒரு வருஷமாக இதே புகார்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காபி டம்ளரைத் தட்டிவிடுகிறார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தேடுகிறார். “ரிட்டயர் ஆனா மனுஷனுக்குக் கவனமும் ரிட்டயர் ஆயிடுமா?” என்பாள். அப்பா சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் அதன் பிறகு வயலும் ஏரியுமான பாதை. அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. பேத்திக்கு ஊர்க் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

வேடந்தாங்கல் கதை நிஜமாகவே சொல்ல வேண்டிய கதைதான். ஏரி மொத்தமே 30 ஹெக்டேர், அதாவது சுமார் 74 ஏக்கர். ஒரு பெரிய கிராமத்து ஏரி, அவ்வளவே. பக்கத்தில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோகாமல் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல், அப்போது செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்துக்குக் ‘கவுல்’ என்று பெயர். அரசாங்கம் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-ல். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-ல்.

ஊர்க்காரர்கள் போய் நின்றதற்குப் பறவைப் பாசம் மட்டும் காரணமில்லை, விவசாயக் கணக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிவிடும். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் அவ்வளவாகத் தேவைப்படாது. “அப்ப தாத்தா, பறவை கக்கா போனதாலதான் அதைக் காப்பாத்துனாங்களா?” என்று மகள் கேட்டாள். “உனக்கு எல்லாத்துலயும் அதுதான் முதல்ல கண்ணுல படும்” என்றார் அப்பா.

மூன்று மணிக்கு உள்ளே போனோம். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒரு படி. அப்பா அதில் தடுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். புதுச் செருப்பு என்றார்.

நடைபாதை ஏரிக்கரைமேல் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை வயல், நடுவில் நாம். வண்டி எதுவும் வராது, கால்தான் வாகனம். உட்கார அங்கங்கே பெஞ்சுகள் உண்டு, ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. முதலில் பார்த்தால் மரம் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருப்பது போல இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பூக்கள் சண்டை போடுவது தெரியும்.

அன்றைக்கு நல்ல கூட்டம். ஒரு குடும்பம் போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நடந்தது. காவலர் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். பறவை பார்க்க வருகிற இடத்தில் பாட்டு எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்பா பைனாகுலரை மாட்டிக்கொண்டதும் பழைய கார்டு திரும்பி வந்துவிட்டார். “பன்னிரண்டு மணி, நடு மரம், இரண்டாவது கிளை. நத்தைகுத்தி நாரை. அலகு மூடினாலும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாரு. நத்தையைப் பிடிக்கிறதுக்கு வசதி. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும்.” நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். சொன்னபடியே சந்து. அதற்குக் கீழே மஞ்சள்மூக்கு நாரை ஒன்று அலகை ‘டக டக டக’வென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வளர்ந்த பிறகு குரல் அவ்வளவாகக் கிடையாதாம், அலகுதான் வாய்ப்பேச்சு. தண்ணீரில் ஒரு பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு போவதாக மகள் பயந்தாள். பாம்பு கிளையில் ஏறி, ஈரச் சிறகை விரித்துக் காயவைத்தது. பாம்புத் தாரா. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டு மீன் தேடியதை ஒரு பத்து நிமிஷமாவது மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்திருப்போம். இவ்வளவு தூரத்திலிருந்து அரிவாள் மூக்கனின் கழுத்துக் கறுப்பைச் சரியாகச் சொல்கிற மனிதருக்குக் கண்ணில் கோளாறு என்று யார்தான் நினைப்பார்கள்?

ஆனால், விளையாட்டில் அப்பா தோற்றுக்கொண்டே இருந்தார்.

மகள் நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைத்தாள். “தாத்தா, ஒன்பது மணி!” அப்பா திரும்புவதற்குள் கரண்டிவாயன் போய்விட்டது. “தாத்தா, பத்து மணி!” அப்பா மரத்தைப் பார்க்கிறார், நீர்க்காகம் கீழே தண்ணீரில். கரையில் மூன்று நடை போய் வந்தோம். மகளுக்கு 22, அப்பாவுக்கு 6. பேத்திக்காக வேண்டுமென்றே தோற்கிறார் என்று நினைத்து எனக்குக்கூட மனசு குளிர்ந்தது. என்னிடம் ஒரு நாளும் அப்படித் தோற்றதில்லையே என்று கொஞ்சம் பொறாமையும்.

ஐந்து மணி இருக்கும். பகலெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம். கரையில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். அப்பா எனக்கு வலது பக்கம் நின்று, நேரே மரத்தைப் பார்த்தபடி வக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாப் பறவையும் வீடு திரும்பும்போது அது மட்டும் நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் என்று. அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு கூழைக்கடா மிகத் தாழ்வாக வந்தது. சிறகை விரித்தால் ஏழடிக்கு மேல் இருக்கும் பறவை. எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பையன் குனிந்தே விட்டான். காற்று முகத்தில் அடித்தது. எல்லோரும் ‘ஓ’ என்றார்கள்.

அப்பா மட்டும் வக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பறவை அவர் முகத்துக்கு நேராக வந்த பிறகு திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன். அது விளையாட்டுக்குத் தோற்பவரின் முகம் இல்லை.

வேர்க்கடலை வாங்கித் தருவதாகச் சொல்லி மகளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனேன். “தாத்தா உனக்காக விட்டுக்கொடுக்கிறாரா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. லெஃப்ட் சைடுல தாத்தாவுக்குத் தெரியாது. ஏரி ரைட் சைடுல இருந்தா கொஞ்சம் தெரியும். நேரா இருந்தா எல்லாமே தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஸ்கூட்டர்ல நான்தானே சொல்லுவேன். ‘தாத்தா, ஒன்பது மணிக்கு ஆட்டோ’, ‘பத்து மணிக்கு நாய்’ன்னு. அப்ப தாத்தா ஸ்லோ பண்ணுவார்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பிராமிஸ் வாங்கியிருக்கார்” என்றாள்.

ஒன்பது வயது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, தாம்பரம் காலை டிராஃபிக்கில் ஒரு மனிதருக்கு இடது கண்ணாக இருந்திருக்கிறாள். எத்தனை மாதமாக என்று கேட்கப் பயமாக இருந்தது. கடலைக்காரர் சில்லறை நீட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

பெஞ்சில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் அடுத்த பெஞ்சில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “ஸ்கூட்டர் சாவி எங்கப்பா?” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேத்தியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“குட்டிம்மா சொல்லிடுச்சா?”

“எப்பலேர்ந்துப்பா?”

“தெரியல பாப்பா. திரை போட்ட மாதிரி இருந்தாலாவது திரை இருக்குன்னு தெரியும். இது அப்படி இல்ல. எல்லாம் சரியா இருக்கிற மாதிரியேதான் இருக்கு. ஆள் மட்டும் திடீர்னு முளைக்கிறான். போன மழைக்கு முன்னாடியே இருந்துச்சு. கண்ணாடிக் கடையில போய் டெஸ்ட் பண்ணேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அவனே நல்லாயிருக்குன்னு சொல்லிட்டான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா சாவியைக் கேப்பே.”

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை பேர் நடக்கிற கரையில் குரலை அடக்கிக்கொண்டு, “பின்னாடி உக்கார்றது என் பொண்ணுப்பா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. அம்மா ஒரு வருஷமாகச் சொன்னாள். நானும் சிரித்தவள்தானே. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் எனக்குக் காலை வேளை சுலபமாக நடந்தது. சுலபமாக நடக்கும் விஷயத்தை யார் கிளறிப் பார்ப்பார்கள்?

அப்பா பதில் சொல்லவில்லை. ஏரியில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. இடம் பிடிக்கும் சண்டை. பைனாகுலரை உறையில் வைத்து மூன்று தடவை பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். திரும்பும்போது நான் அவருக்கு இடது பக்கமாக வந்து நடந்தேன். காரில் யாரும் பேசவில்லை. மகள் மட்டும், “நான் பிராமிஸை மீறிட்டேனா?” என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள். “இல்ல குட்டிம்மா, நான்தான் கேட்கக் கூடாத பிராமிஸைக் கேட்டுட்டேன்” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஸ்கூட்டர் சாவி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. மறுநாள் காலை 7.30-க்கு அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஹெல்மெட்டை ஷூ ஸ்டாண்டு மேல் கவிழ்த்து வைத்தார். “ஆட்டோ சொல்லிடு பாப்பா. கண் ஆஸ்பத்திரிக்கும் அப்படியே போயிடலாம்” என்றார்.

ஆஸ்பத்திரியிலும் முதலில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். டாக்டர் சிரித்துவிட்டு அவரை இன்னொரு மெஷின் முன்னால் உட்காரவைத்தார். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அறையில் பட்டன் சத்தம் வராத நேரமெல்லாம் நெஞ்சு அடைத்தது. முடிந்ததும் கொடுத்த காகிதத்தில் இரண்டு வட்டம். வலது கண் வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு. இடது கண் வட்டத்தில் நடுவில் மட்டும்தான் வெள்ளை.

க்ளக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெதுவாக அரித்துவிடும். வலி இல்லை, சிவப்பு இல்லை. பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும். நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும் என்பதால் எழுத்துப் பலகையில் தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து, விடாமல். இவ்வளவையும் டாக்டர் நிதானமாகச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்து, “இனிமே வண்டி வேணாம் சார்” என்றார். அப்பா, “நேத்தே சரண்டர் பண்ணிட்டேன்” என்றார்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு உண்டு, நீங்களும் பாருங்கள் என்றார். அதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் பட்டனை அழுத்தினேன். எனக்கு ஒன்றும் இல்லை. வருஷம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தைக்கும் போன் செய்து சொன்னோம். “எனக்கென்ன, ஊசியில நூல் கோக்கிறேன்” என்றார். அதைத்தான் பயப்பட வேண்டும் என்று புரியவைக்க அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

ஸ்கூட்டர் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது. வாரம் ஒரு முறை துடைக்கிறார். விற்கலாமா என்று கணவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நாங்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து. அம்மாதான் போட்டுவிடுகிறாள். “ஒரு வருஷமா கத்துனேன், யார் கேட்டீங்க?” என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் இமையைப் பிரிக்கிறாள்.

டியூட்டி மட்டும் மாறவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றேகால் கிலோமீட்டர்தான். இப்போது இரண்டு பேரும் 7.15-க்கே நடந்து கிளம்புகிறார்கள். மகள் அவருக்கு இடது பக்கம். வழியில் ஒரு குட்டை இருக்கிறது, அங்கே மீன்கொத்தியும் சில நாள் ஒரு சாம்பல் நாரையும் வருகிறதாம். டாக்டர் சொன்னபடி அப்பா இப்போது தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கிறார். அதனால் பாயின்ட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நேற்றைய கணக்குப்படி மகளுக்கு 61, அவருக்கு 48. வேடந்தாங்கல் கணக்கை இதில் சேர்த்தது செல்லாது, அன்றைக்கு நான் சிக்-லீவில் இருந்தேன் என்று அப்பா வாதாடிக்கொண்டிருக்கிறார். மகள் ஒத்துக்கொள்வதாக இல்லை.